பிடித்த அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வரலாற்றில் அவர்களை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு லிங்கன் என்றும் கென்னடி என்றும் ஆசையாகப் பெயர் வைத்த குடும்பங்கள் ஏராளம். அமெரிக்க அதிபர்களில் பிடித்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர்களும் இவைதான். ஏன் என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் சட்டென்று வருவதில்லை. அடிமை முறையை ஒழித்தவர், இளம் வயதிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர், அழகாகப் பேசியவர் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அங்கிருந்து மேலே போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றதிலிருந்து எண்ணினால் டொனால்டு டிரம்ப் 47ஆவது அதிபர். குரோவர் கிளீவ்லண்டும் டிரம்பும் இடைவெளி விட்டு இரண்டு முறை பதவிக்கு வந்ததால் எண்ணிக்கையில் இரு இடங்களைப் பிடிக்கிறார்கள். ஆட்கள் என்று பார்த்தால் 45 பேர். இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான். அவர் எடுத்த முடிவுகளில் மிக மோசமானது எது, அதனால் அழிந்தவர்கள் யார் என்பதை அவருடைய எதிரிகளைவிடத் தெளிவாக உங்களால் சொல்ல முடிய வேண்டும். அதற்குப் பிறகும் அவரைப் பிடித்திருந்தால் அது உங்கள் தேர்வு. அதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது யாரோ கொடுத்த படம் மட்டுமே.

முதல் படி: எதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

‘பிடித்தவர்’ வேறு, ‘சிறந்த அதிபர்’ வேறு. ஒருவரின் வாழ்க்கை வேறு, அவர் பதவியில் இருந்த ஆண்டுகள் வேறு. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் பாதி விவாதங்கள் முடிவே இல்லாமல் நீள்கின்றன.

தாமஸ் ஜெஃபர்சன் தன் கல்லறையில் மூன்றே விஷயங்கள் பொறிக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்தார்: சுதந்திரப் பிரகடனத்தை எழுதியது, விர்ஜினியாவின் சமயச் சுதந்திரச் சட்டத்தை எழுதியது, விர்ஜினியா பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது. எட்டாண்டு அதிபர் பதவிக்கு அதில் இடமில்லை. தன் வாழ்நாளில் அவர் உடைமையாக வைத்திருந்த 600க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கும் இல்லை. ஜெஃபர்சனைப் பிடிக்கும் என்று சொன்னால், பிரகடனம் எழுதிய இளைஞரைச் சொல்கிறீர்களா, 1803இல் 1.5 கோடி டாலருக்கு லூயிசியானா நிலப்பரப்பை வாங்கிய அதிபரைச் சொல்கிறீர்களா என்று முதலில் தெளிவாக வேண்டும்.

ஜிம்மி கார்ட்டரிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1986இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேரைத் தாக்கிக்கொண்டிருந்த கினிப் புழு நோய் இப்போது ஆண்டுக்கு இருபது பேருக்கும் குறைவாகச் சுருங்கியிருப்பதில் அவர் தொடங்கிய மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நெஞ்சார வணங்க வேண்டிய பணிதான். ஆனால் அது 1981க்குப் பிந்தைய கார்ட்டர். அதிபர் கார்ட்டரை எடைபோடும்போது எகிப்தையும் இஸ்ரேலையும் சமாதானத்துக்குக் கொண்டுவந்த 1978இன் கேம்ப் டேவிட் உடன்பாடும், தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள்கள் பிணைக்கைதிகளாக இருந்ததும்தான் தட்டில் வர வேண்டும்.

இரண்டாம் படி: கள்ள நாணயங்களைப் பொறுக்கி வெளியே போடுங்கள்

அமெரிக்க அதிபர்களைப் பற்றித் தமிழில் உலவும் செய்திகளில் பொய்கள் அதிகம். அவற்றில் மிகப் பிரபலமானது, லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். பள்ளிச் சுவர்களில், ஆண்டு மலர்களில், ஆசிரியர் தின உரைகளில் எங்கும் அதைப் பார்க்கலாம். லிங்கன் எழுதியவை அனைத்தையும் திரட்டி 1953இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதில் இந்தக் கடிதம் இல்லை. அவர் அதை எழுதியதற்கு எந்தச் சான்றும் இல்லை. அதன் கருத்துகள் நல்லவையாக இருக்கலாம். அதை வைத்து லிங்கனை நேசிப்பது, வேறு யாரோ எழுதியதற்கு அவருக்கு மாலை போடுவது.

அடுத்தது ‘தோல்வி மேல் தோல்வி கண்டு கடைசியில் அதிபரானார்’ என்ற பட்டியல். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் கைச்சரக்கு. 1832இல் இல்லினாய் சட்டமன்றத் தேர்தலில் அவர் தோற்றது உண்மை. அதே லிங்கன் 1834, 1836, 1838, 1840 என்று தொடர்ந்து நான்கு முறை அதே சட்டமன்றத்துக்கு வென்றார் என்பதும், 1846இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார் என்பதும் அந்தப் பட்டியலில் வராது. இல்லினாயின் வெற்றிகரமான வழக்கறிஞர், கைதேர்ந்த கட்சி அரசியல்வாதி. அந்தத் திறமைதான் பிறகு நாட்டைக் காத்தது. அதை அழித்துவிட்டுப் பாவப்பட்ட மனிதராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி.

லிங்கனுக்கும் கென்னடிக்கும் இடையிலான ‘அதிசய ஒற்றுமைகள்’ அடுத்தவை. கென்னடியின் செயலாளர் பெயர் எவலின் லிங்கன் என்பது சரி. லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி என்பது கட்டுக்கதை. ஜான் நிக்கோலே, ஜான் ஹே என்ற இருவர்தான் அவருடைய செயலாளர்கள்.

ஒரு மேற்கோள் கண்ணில் பட்டால் அது எந்தத் தேதியில், எந்த உரையில், யாருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது என்று தேடுங்கள். தேதி கிடைக்காவிட்டால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: தனி ஆளாக எடுக்காமல், அடுத்தடுத்து வந்தவர்களைச் சேர்த்துப் படியுங்கள்

45 பேரையும் படிக்க வேண்டியதில்லை. வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841இல் 31 நாள்களே பதவியில் இருந்தார். அவரை எடைபோட எதுவும் இல்லை. அதே சமயம் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏமாந்துபோவோம். ஒருவர் விட்டுச்சென்ற வேலை அடுத்தவர் கையில்தான் உருப்படுகிறது அல்லது பாழாகிறது. லிங்கன், ஆண்ட்ரூ ஜான்சன், கிராண்ட் மூவரும் ஒரே கதை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் ட்ரூமனும் ஒரே கதை. கென்னடி, லிண்டன் ஜான்சன், நிக்சன் இன்னொரு கதை. ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து அதற்குள் உங்களுக்குப் பிடித்தவரைத் தேடுங்கள்.

நான்காம் படி: அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று பாருங்கள்

நாம் முதலமைச்சர், பிரதமர் ஆட்சிக்குப் பழகியவர்கள். சபையில் பெரும்பான்மை இருந்தால் நினைத்த சட்டம் நிறைவேறிவிடும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. அமெரிக்க அதிபருக்கு அந்த வசதி கிடையாது. சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும், பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றத்தின் கையில். அரசமைப்புத் திருத்தத்தில் அதிபருக்குச் சட்டப்படி வேலையே இல்லை. அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த 13ஆவது திருத்தத்தில் லிங்கன் கையெழுத்துப் போட்டபோது, அந்தக் கையெழுத்து தேவையற்றது என்று செனட் தீர்மானமே போட்டது. அவருடைய உண்மையான பங்கு அதற்கு முன்னால் நடந்தது: 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கைத் திரட்ட அவர் கொடுத்த அழுத்தம்.

ஆகவே ஒவ்வொரு சாதனையிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மசோதாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர் கென்னடி. அவர் உயிரோடு இருந்தவரை அது குழுக்களில் கிடந்தது. பின்னால் வந்த லிண்டன் ஜான்சன் பல ஆண்டுகள் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர். எந்த உறுப்பினருக்கு எது வேண்டும், எதைக் கண்டால் பயம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தென்மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே மசோதாவை முடக்கினார்கள். பேச்சை நிறுத்த அன்றைய விதிப்படி 67 வாக்குகள் வேண்டும். ஜான்சனின் சொந்தக் கட்சியிலேயே அவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்கள். குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனைப் பிடித்தால்தான் வழி என்று கணக்கிட்டு, பெருமையில் பாதியை அவருக்கே விட்டுக்கொடுத்து வேலையை நகர்த்தினார்கள். ஜூன் 10 அன்று 71க்கு 29 என்று முட்டுக்கட்டை உடைந்தது. ஜூலை 2இல் சட்டமானது. இந்தச் சட்டத்துக்காகக் கென்னடியை மட்டும் கொண்டாடுவோர் அந்த மாதங்களின் நடவடிக்கைகளை ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும். அதே மூச்சில், 1963இல் சம உரிமை கேட்டு அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் தெருக்களில் இறங்கி, போலீசின் நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் எதிர்கொண்ட கறுப்பினச் சிறுவர் சிறுமியர் இல்லாமல் எந்த அதிபரும் இதைத் தொட்டிருக்க மாட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருளாதார வளர்ச்சியையும் மந்தத்தையும் அப்படியே அதிபர் தலையில் ஏற்றாதீர்கள். அவர் எடுத்த முடிவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட முடிந்தால் மட்டும் சேருங்கள். 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் வங்கிகளை மூடவைத்து, வானொலியில் மக்களிடம் காரணத்தை விளக்கிய பிறகு, எடுத்த பணத்தை மக்களே திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். இந்த மாதிரி நேரடித் தொடர்பு அபூர்வம்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு முடிவை எடுத்து, நாள் நாளாகப் பாருங்கள்

முழு வாழ்க்கை வரலாற்றையும் வேகமாகப் படிப்பதைவிட, ஒரு முடிவை அருகிலிருந்து பார்ப்பது அதிகம் சொல்லும். லிங்கனின் 1862ஆம் ஆண்டு இதற்கு மிகப் பொருத்தம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென்மாநிலங்களுக்கும், ஒன்றியமாக எஞ்சிய மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது.

அவரைத் தூற்றுவோர் காட்டும் சான்று, 1862 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு அவர் எழுதிய கடிதம். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று அதில் எழுதியிருக்கிறார். தனியாகப் படித்தால் நெஞ்சு சுருங்கும். இப்போது நாட்காட்டியைப் பின்னோக்கித் திருப்புங்கள். ஒரு மாதம் முன்பு, ஜூலை 22 அன்றே விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் அவர் வாசித்துக் காட்டிவிட்டார். போரில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளியிட்டால் கையாலாகாதவனின் கடைசிக் கூச்சலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் சொன்னதால் வரைவு மேசைக்குள் போனது. அதாவது, கிரீலிக்கு அந்தக் கடிதத்தை எழுதும்போது பிரகடனம் தயாராக இருந்தது. வெள்ளையர்களில் தயங்குவோரை முன்கூட்டியே தன் பக்கம் நிறுத்த அவர் எழுதிய கடிதம் அது. செப்டம்பர் 17இல் நடந்த ஆன்டீட்டம் போருக்குப் பிறகு எதிரிப் படை பின்வாங்கியது. 22ஆம் தேதி முன்னறிவிப்பு. 1863 ஜனவரி 1இல் பிரகடனம்.

அவரைப் போற்றுவோர் மறைக்கும் பக்கமும் அதே தாளில் இருக்கிறது. பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான். ஒன்றியத்தை விட்டுப் போகாத கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. படைத் தலைவர் என்ற முறையில் போர் அதிகாரத்தை மட்டுமே அவரால் பயன்படுத்த முடிந்தது. விசுவாச மாநிலங்களில் அந்த அதிகாரம் செல்லாது. வரம்பை அறிந்து, அதன் விளிம்புவரை போனார். பிரகடனம் திறந்துவிட்ட கதவு வழியாகப் போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள்.

அதே ஆண்டின் கடைசி வாரத்தையும் விட்டுவிடாதீர்கள். மின்னசோட்டாவில் டகோட்டா பழங்குடியினர் பசியாலும் ஒப்பந்த ஏமாற்றத்தாலும் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். ராணுவ நீதிமன்றம் 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. சில விசாரணைகள் சில நிமிடங்களில் முடிந்தவை. லிங்கன் ஒவ்வொருவரின் ஆவணத்தையும் வரவழைத்துப் பார்க்கச் செய்து, பெரும்பாலோரின் தண்டனையை நிறுத்தினார். மாநிலமே கொதித்துக்கொண்டிருந்தபோது செய்த காரியம் அது. ஆனாலும் டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப் பெரிய தூக்கு இதுதான். உத்தரவில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அடுத்த ஆண்டு டகோட்டா மக்கள் அந்த மாநிலத்திலிருந்தே விரட்டப்பட்டார்கள். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதற்கு ஆறு நாள்கள் முன்பு நடந்தது இது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கே லிங்கன் பிடித்தவர் என்று சொல்லும் தகுதி வரும்.

ஆறாம் படி: ‘அந்தக் காலம் அப்படி’ என்பதை ஏற்கும் முன், அந்தக் காலத்திலேயே மறுத்தவர்களைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய மனிதர்களை அளக்கக் கூடாது என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் அன்றைய அளவுகோலையே எடுப்போம்.

ஆண்ட்ரூ ஜாக்சனின் 1830ஆம் ஆண்டுச் சட்டம், தென்கிழக்குப் பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தள்ளியது. பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறிய கணக்கு 102க்கு 97. காலமே அப்படி என்றால் அந்த 97 பேர் எந்தக் காலத்தைச் சேர்ந்தவர்கள்? செனட்டில் நியூஜெர்சியின் தியோடர் ஃபிரெலிங்ஹைசன் மூன்று நாள்களில் ஆறு மணி நேரம் எதிர்த்துப் பேசினார். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியைச் சேர்ந்த டேவி கிராக்கெட் எதிர்த்து வாக்களித்தார். எட்டாண்டுகள் கழித்து, ஜாக்சனுக்குப் பின் வந்த வான் ப்யூரன் காலத்தில், செரோக்கி மக்கள் துப்பாக்கி முனையில் நடத்திச் செல்லப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு வீசிய பிறகு, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 19இல் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவருடைய அட்டர்னி ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடில் இது வேண்டாம் என்றார். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜப்பானிய வம்சாவளியினர் வாழ்ந்த ஹவாயில், அதுவும் குண்டு விழுந்த அந்தத் தீவிலேயே, இப்படி மொத்தமாக யாரையும் அடைக்கவில்லை. போர்க்கால அவசியம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. 1988இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

இந்தியாவைத் தொட்ட கதையும் உண்டு. 1972 பிப்ரவரியில் சீனா சென்று உலக அரசியலையே திருப்பிய பெருமையை நிக்சனுக்குத் தயங்காமல் கொடுக்கிறார்கள். அந்தப் பாதைக்கான ரகசியத் தூது பாகிஸ்தானை ஆண்ட ராணுவத் தலைவர் யாஹியா கான் வழியாகப் போனது. 1971 மார்ச்சில் அவருடைய படை கிழக்கு வங்கத்தில் மக்களைக் கொன்று குவிக்கத் தொடங்கியபோது, டாக்காவின் அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் அடுத்தடுத்துச் செய்தி அனுப்பினார். ஏப்ரல் 6 அன்று அவருடைய அலுவலகத்திலிருந்து 20 அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தி வாஷிங்டனுக்குப் போனது: நம் அரசு அறத்தில் தோற்றுவிட்டது என்பதே அதன் சாரம். பிளட்டை அங்கிருந்து மாற்றினார்கள். சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். டிசம்பரில் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு அனுப்பப்பட்டது, யாஹியாவின் பக்கம் நின்று. பீஜிங் கைகுலுக்கலும் டாக்காவின் பிணங்களும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை மூடிவைக்கும் நூல்கள் நிறைய இருக்கின்றன, விழிப்பாக இருங்கள்.

ஏழாம் படி: தரவரிசைகளைப் படியுங்கள், ஆனால் அவற்றைப் போட்டவர்களின் காலத்தையும் சேர்த்துப் படியுங்கள்

ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஹார்வர்டு வரலாற்றாசிரியர் 1948இல் 55 அறிஞர்களிடம் கேட்டு முதல் தரவரிசையை வெளியிட்டார். இப்போது அதிகம் பேசப்படுவது சி-ஸ்பான் தொலைக்காட்சியின் கணக்கெடுப்பு. 2000, 2009, 2017, 2021 என நான்கு முறை வந்திருக்கிறது. நெருக்கடியில் தலைமை, அற நிலைப்பாடு, நாடாளுமன்றத்தோடு உறவு, அனைவருக்கும் சம நீதி என்று பத்துத் தலைப்புகளில் மதிப்பெண். நான்கு முறையும் லிங்கன் முதலிடம், உள்நாட்டுப் போருக்கு முன் கைகட்டி நின்ற ஜேம்ஸ் புக்கானன் கடைசி இடம். சம நீதிக்கும் நிர்வாகத் திறமைக்கும் சம எடை கொடுக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. உங்கள் எடையை நீங்களே வையுங்கள், அதுவும் பெயர்களைப் பார்க்கும் முன்பே.

மேலும் கீழுமாக நகர்ந்தவர்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஷ்லெசிங்கரின் 1962ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 22ஆம் இடத்தில் இருந்த ஐசனோவர், சி-ஸ்பானின் 2021 கணக்கெடுப்பில் 5ஆம் இடம். அவருடைய ஆட்சிக் கால ஆவணங்கள் திறக்கப்பட்டபோது, கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்த முதியவர் என்ற படம் கலைந்து, திரைக்குப் பின்னால் கயிறு இழுத்த தலைவர் வெளிப்பட்டார். சி-ஸ்பான் கணக்கில் வுட்ரோ வில்சன் 2000இல் 6ஆம் இடத்திலிருந்து 2021இல் 13க்கு இறங்கினார். மத்திய அரசு அலுவலகங்களில் அவர் காலத்தில் நிறப் பிரிவினை பரவியதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் மன்னிக்கத் தயாராக இல்லை. ஜாக்சன் அதே காலத்தில் 13இலிருந்து 22.

யுலிசிஸ் கிராண்ட் 1948இல் ‘தோல்வி’ என்று முத்திரை குத்தப்பட்ட இருவரில் ஒருவர். 2000இல் 33ஆம் இடம், 2021இல் 20. இதற்குக் காரணம் கிராண்டைப் பற்றிக் கிடைத்த புதுத் தகவல்கள் மட்டுமல்ல. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஒரு வரலாற்றுப் பள்ளி எழுதிக் குவித்தது. அந்த உரிமைக்காகப் படை அனுப்பிய அதிபர் அவர்கள் எழுத்தில் குடிகாரராகவும் ஊழல் கூட்டத்தின் பொம்மையாகவும் மட்டுமே தெரிந்தார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1935இலேயே மறுத்து எழுதினார். பல்கலைக்கழகங்கள் அவரைக் கேட்க இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

மக்கள் ஆதரவுக் கணிப்புகளை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். ட்ரூமனின் ஆதரவு 1952இல் 22 சதவீதத்துக்கு விழுந்தது. இன்று அவர் முதல் பத்துக்குள் நிற்கிறார். வாட்டர்கேட் ஊழலில் சிக்கிப் பதவி விலகிய நிக்சனுக்கு, அடுத்து அதிபரான ஃபோர்டு கொடுத்த பொதுமன்னிப்பை அன்று கண்டித்த செனட்டர் எட்வர்டு கென்னடி (அதிபர் கென்னடியின் தம்பி), 2001இல் அதே முடிவுக்காக அவருக்கு விருது வழங்கி, தான் அன்று நினைத்தது தவறு என்றார்.

அதனால் அண்மைக்கால அதிபர்கள் யாரையும் என் பட்டியலில் இப்போதைக்குச் சேர்ப்பதில்லை. ரகசிய ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளுக்குப் பிறகுதான் தானாகத் திறக்கப்படுகின்றன. கோப்பு திறக்காத வழக்கில் தீர்ப்பு எழுத அவசரம் எதற்கு?

எட்டாம் படி: மூல ஆவணத்துக்குப் போங்கள்

இணையம் இருந்தால் போதும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடியே படிக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் அதிபர்களின் உரைகள், ஆணைகள், வீட்டோ செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. விர்ஜினியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையத்தில் ஒலிப்பதிவுகள் கிடைக்கும். ஹூவரிலிருந்து தொடங்கும் அதிபர் நூலகங்களின் ஆவணக் காப்பகம் நம்பகமானது. அதே கட்டடத்தின் அருங்காட்சியகம் அப்படியல்ல. அதற்குப் பணம் கொடுப்போர் பெரும்பாலும் அவருடைய அன்பர்கள். நிக்சன் நூலகத்தில் வாட்டர்கேட் பற்றிய நேர்மையான காட்சிக்கூடம் 2011இல்தான் வந்தது, அதுவும் மத்திய ஆவணக் காப்பகம் நிர்வாகத்தை ஏற்ற பிறகு.

வீட்டோ செய்திகளை விட்டுவிடாதீர்கள். ஒருவர் எதைச் சட்டமாக விடவில்லை என்பதில் அவர் மனம் தெளிவாகத் தெரியும். 1866இல் ஆண்ட்ரூ ஜான்சன், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கொடுக்க வந்த குடிமை உரிமைகள் சட்டத்தை மறுத்து அனுப்பிய செய்தியைப் படித்தால் அவரைப் பற்றி வேறு நூல் தேவையில்லை.

லிண்டன் ஜான்சனின் 1964 மே 27ஆம் தேதித் தொலைபேசிப் பதிவுகளைக் கட்டாயம் கேளுங்கள். வியட்நாம் போரிடத் தகுந்த இடமில்லை என்று நினைக்கிறேன், ஆனால் வெளியேறவும் வழி தெரியவில்லை என்ற பொருளில் தன் பாதுகாப்பு ஆலோசகர் பண்டியிடம் பேசுகிறார். அதற்குப் பின்பும் படை அனுப்பினார். 1963 இறுதியில் சுமார் 16,000 ஆக இருந்த அமெரிக்கப் படையினர் 1968இல் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். தெரியாமல் செய்தார் என்ற சமாதானத்தை அந்த ஒலிநாடா பறித்துவிடுகிறது.

ஒன்பதாம் படி: கூட்டிக் கழிக்காமல் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்

அதே ஜான்சன்தான் 1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் 6.7 சதவீதம், இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 60 சதவீதமானது. அதே ஆண்டு அக்டோபரில் சுதந்திர தேவி சிலையின் அடியில் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1946 வரை இந்தியர்களுக்கு வாசலே மூடியிருந்தது. அதன் பிறகு கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். 1965இன் சட்டம் பிறந்த நாட்டை வைத்துப் போட்ட அந்த வேலியை அகற்றியது. இன்று நியூஜெர்சியிலும் டெக்சாசிலும் தமிழ்ப் பள்ளி நடத்தும் அளவுக்குக் குடும்பங்கள் பெருகியதற்கு அந்தக் கையெழுத்து ஒரு முதன்மைக் காரணம். இது புரட்சிகரமான சட்டம் இல்லை, கோடிக்கணக்கானவர்களின் வாழ்வைத் தொடப்போவதில்லை என்றே ஜான்சன் அன்று பேசினார். அவர் எதிர்பாராத விளைவுக்கு அவருக்கு எவ்வளவு மதிப்பெண்? எனக்குப் பாதிதான் கொடுக்க மனம் வருகிறது. வாக்குரிமைச் சட்டத்துக்கு முழுவதும் கொடுப்பேன்.

வாக்குரிமையிலிருந்து வியட்நாமைக் கழித்தால் மிச்சம் என்ன என்று கேட்காதீர்கள். மிசிசிப்பியில் வாக்களித்த மூதாட்டியின் மகிழ்ச்சி, வியட்நாமில் எரிந்த கிராமத்துக்கு ஈடாகாது. எரிந்த கிராமம் அவருடைய வாக்கைச் செல்லாததாக்கவும் முடியாது. இரு பத்திகளாக எழுதி, இரண்டையும் அப்படியே நிற்கவிடுங்கள்.

கடைசிப் படி: பெயரையும் எதிர்வாதத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

என் பக்கத்தை மாதிரியாகத் தருகிறேன். சிறந்த அதிபர் யார் என்றால் லிங்கன். எனக்குப் பிடித்தவர் கிராண்ட்.

காரணம்: வறுமையில் விறகு விற்றுப் பிழைத்த 1859இல், தன்னிடம் இருந்த ஒரே அடிமையான வில்லியம் ஜோன்சை விற்றிருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும்; விடுதலை செய்தார். அதிபரானதும் 1870இல் உருவான நீதித் துறையை, கறுப்பினத்தவரைக் கொன்றுகொண்டிருந்த கு கிளக்ஸ் கிளானுக்கு எதிராகத் திருப்பினார். அதை நடத்த அவர் அமர்த்திய ஏமஸ் ஏக்கர்மன், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் பணியாற்றிய ஜார்ஜியாக்காரர். 1871 அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, படையை இறக்கி, நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்யவைத்தார். அந்த அமைப்பு நொறுங்கியது. கறுப்பினக் குடிமக்களின் உயிருக்காக மத்திய அரசின் முழுப் பலத்தையும் இப்படி இறக்கிய அதிபர், அடுத்த 80 ஆண்டுகளுக்கு இன்னொருவர் வரவில்லை.

எதிர்வாதம்: நண்பர்களை நம்பி ஏமாந்தார், விஸ்கி வரி மோசடியில் சிக்கிய தன் செயலாளர் பாப்காக்குக்கு ஆதரவாகச் சாட்சியமே கொடுத்தார். 1868 ஒப்பந்தப்படி லகோட்டா மக்களுக்கு உரிய பிளாக் ஹில்ஸ் மலைகளில் தங்கம் கிடைத்ததும், அத்துமீறி நுழைந்தவர்களைத் தடுப்பதை 1875 நவம்பரில் வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் ரகசியமாகக் கைவிட்டார். அடுத்த ஆண்டு போர். மலைகள் பறிபோயின.

அதே 1875இல், மிசிசிப்பியில் வெள்ளை ஆயுதக் கும்பல்கள் கறுப்பின வாக்காளர்களை வேட்டையாடியபோது, ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ் படை கேட்டார். கிராண்ட் அனுப்பவில்லை. அந்த மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லிஞ்ச் பிறகு நேரில் காரணம் கேட்டாராம். படை அனுப்பினால் ஒஹாயோ தேர்தலில் கட்சி தோற்கும் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டதாகக் கிராண்ட் பதில் சொன்னார் என்று லிஞ்ச் எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் கிராண்டின் சார்பில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. என் பக்கத்தில் அந்த வரிக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.